அம்மாவின் சங்கிலியும் என் ஆய்வேடும்

எம்.காம். கடைசிப் பருவத்தில் ஆய்வேடு எழுத வேண்டும். தலைப்பைக் கொடுக்கச் சொன்னதும் வகுப்பில் பாதிப் பேர் ஒரே தலைப்பைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். ‘மியூச்சுவல் ஃபண்டு குறித்த முதலீட்டாளர்களின் விழிப்புணர்வு – ஓர் ஆய்வு.’ ஊர்ப் பெயர் மட்டும் மாறும். துறை நூலகத்தில் மெரூன் அட்டையில் தங்க எழுத்து அச்சடித்த பழைய ஏடுகளை இறக்கிப் பார்த்தால் அங்கேயும் அதே கதைதான். கடைசி அத்தியாயத்தில், ‘கிராமப்புற மக்களிடம் விழிப்புணர்வு குறைவு. நகையிலும் சீட்டிலும் பணத்தை முடக்குகிறார்கள்’ என்று முடித்திருப்பார்கள்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் அந்த வரியைக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார். “விழிப்புணர்வு இல்லைன்னு எழுதறதுக்கு முன்னாடி, அவங்க இப்ப செய்யறதுக்கு என்ன காரணம்னு யாராவது கேட்டாங்களாம்மா?”

அந்தக் கேள்விதான் என் தலைப்பானது. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம் போகும் கரிசல் பூமியில், தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற பெண்கள் தங்கள் பணத்தை எங்கே வைக்கிறார்கள், ஏன் அங்கே வைக்கிறார்கள்?

படிக்கிற பிள்ளை ஆய்வு செய்யப் போகிற வீடுகளில் முதல் வீடு என் வீடுதான். அப்பாவுக்கு நாலு ஏக்கர் மானாவாரிப் புஞ்சை. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை. தொழுவத்தில் நாலு ஆடு. தெருவில் 20 பெண்கள் சேர்ந்து மாதம் 2,000 ரூபாய் போடும் குலுக்கல் சீட்டு. அப்புறம், அம்மாவின் ஒன்றரைப் பவுன் சங்கிலி. அது அப்போது வீட்டில் இல்லை. என் கல்லூரிக் கட்டணத்துக்கும் தம்பியின் பாலிடெக்னிக் செலவுக்குமாக 40,000 ரூபாய்க்கு வங்கியில் இருந்தது.

காத்திருந்த அறையில் கிடைத்த தலைப்பு

முதலீடு பற்றி ஆய்வேடு எழுதுகிற எவரும் ஹாரி மார்கோவிட்ஸைத் தாண்டிப் போக முடியாது. அவர் கதையே ஓர் ஆய்வேட்டுக் கதைதான். 1950-களின் தொடக்கத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தார். பேராசிரியரைப் பார்க்கக் காத்திருந்தபோது, பக்கத்தில் காத்திருந்த பங்குத் தரகர் ஒருவர், “பங்குச் சந்தையைப் பற்றி எழுதிப் பாரேன்” என்று சொன்னாராம். அந்தப் பேச்சிலிருந்து வந்தது 1952-ல் வெளியான அவருடைய கட்டுரை. வாய்மொழித் தேர்வில் மில்டன் ஃப்ரீட்மன், “இது பொருளாதாரமே இல்லை, இதற்குப் பொருளாதாரத்தில் பட்டம் தர முடியாது” என்று வாதாடியதை மார்கோவிட்ஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பட்டம் கிடைத்தது. 1990-ல் அதே வேலைக்காக நோபல் பரிசும் கிடைத்தது. 2023 ஜூனில், 95 வயதில் காலமானார். நான் இறுதியாண்டில் சேர்ந்த நேரம் அது.

அவர் சொன்னதை எங்கள் ஊர்க் கணக்கில் சொல்லிப் பார்க்கிறேன். பணத்தை நாலு இடத்தில் பிரித்து வைத்தால் மட்டும் பத்திரம் ஆகிவிடாது. அந்த நாலும் ஒரே நாளில் விழுமா என்று பார்க்க வேண்டும். தூத்துக்குடி உப்பளத்தில் மழை பெய்தால் உப்புக் கரைந்துபோகும். அதே மழை விளாத்திகுளத்துப் புஞ்சைக்கு உயிர். ஒருவருக்கு உப்பளமும் புஞ்சையும் இருந்தால், ஒன்று விழும்போது மற்றது தாங்கும். ஆனால் விளாத்திகுளத்தில் ஒரு புஞ்சை, எட்டயபுரத்தில் ஒரு புஞ்சை என்று இருந்தால்? கணக்குக்கு இரண்டு இடம். மழைக்கு அது ஒரே இடம்தான்.

புத்தகத்தில் இதற்குக் ‘கோவேரியன்ஸ்’ என்று பெயர் வைத்து ஒரு பக்கம் சூத்திரம் எழுதியிருப்பார்கள். எனக்கு அந்தப் பக்கம் புரிந்தது எங்கள் புஞ்சை வரப்பில் வைத்துத்தான்.

மழை இல்லாத ஊருக்கு மழை வேண்டாத தொழில்

கரிசல்காட்டு விவசாயிக்குப் பிரித்து வைப்பதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பருத்திக்கு ஊடே உளுந்து, கொத்தமல்லி. சோளத்தோடு பாசிப்பயறு. கோவில்பட்டியில் 1901-ல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பயிர்களுக்காகவே உழைக்கிறது. ஊடுபயிர் இருந்தால் ஒன்றைப் பூச்சி தின்றாலும் இன்னொன்று மிஞ்சும். ஒன்றுக்கு விலை இல்லாவிட்டாலும் இன்னொன்று கைகொடுக்கும். ஆனால் புரட்டாசியில் விதைத்துவிட்டு ஐப்பசி, கார்த்திகையில் மழை ஏமாற்றினால் எல்லாம் சேர்ந்தே காயும்.

அந்த இடத்தைத்தான் தீப்பெட்டி நிரப்பியது. 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று தொழில் பரவியதற்கு இந்தப் பூமியின் வறட்சியும் ஒரு காரணம். குச்சி காய வேண்டும், மருந்து காய வேண்டும், பெட்டி காய வேண்டும். வெயில்தான் முதல். மழை பொய்த்த வருஷத்தில் அப்பாவின் கை காலியாக இருக்கும். அம்மாவின் வாரக் கூலி மட்டும் வந்துகொண்டிருக்கும்.

எங்கள் பக்கத்து வீடுகளில் ஆண் புஞ்சைக்கும் பெண் தீப்பெட்டி ஆபீஸுக்கும் போவதை வறுமையின் அடையாளமாகத்தான் நான் பார்த்து வளர்ந்தேன். பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் அது நல்ல முதலீட்டுப் பிரிப்பும்கூட. ஒரு கை மழையை நம்புகிறது, மறு கை வெயிலை நம்புகிறது.

அந்தக் கூலி ஒன்றும் பெரிதில்லை. சில்லறையில் ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி 14 வருஷம் கழித்து 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. பெட்டிக்கே அவ்வளவு காத்திருப்பு என்றால் அதை அடைக்கிற கைக்கு எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. அதிலும் மிச்சம் பிடிக்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வுக்கே அடிப்படை.

வெள்ளம் வந்த மார்கழி

2023 டிசம்பர் 17, 18. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். கரிசல்காட்டிலும் கொட்டித் தீர்த்தது. உளுந்தும் பாசியும் காய் பிடித்து நின்ற நேரம். கரிசல் மண் தண்ணீரைக் குடித்தால் லேசில் விடாது. அந்தக் குணத்தை நம்பித்தான் மானாவாரியே நடக்கிறது. அந்தக் குணமே அந்த மார்கழியில் பயிரை அழுக வைத்தது.

தீப்பெட்டி ஆபீஸும் மூடிக் கிடந்தது. ஈரத்தில் எதுவும் காயவில்லை. வறட்சியில் கை கொடுத்த தொழில் வெள்ளத்தில் கை கொடுக்கவில்லை.

மார்கழிச் சீட்டுக்குத் தெருவில் பாதிப் பேரால் பணம் போட முடியவில்லை. தையிலும் அப்படியே. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. சீட்டுப் பிடிக்கிற பெரியம்மா நாணயத்துக்குப் பெயர்போனவர். 20 பேரும் ஒரே தெரு, ஒரே மழை, ஒரே தொழில். ஒருத்திக்கு முடியாத மாதத்தில் 20 பேருக்கும் முடியாது. சீட்டு நின்றது.

ஆட்டை விற்கலாம் என்று எட்டயபுரம் சந்தைக்கு ஓட்டிப்போன பக்கத்து வீட்டு மாமா, பாதி விலைக்குக் கேட்டார்கள் என்று திரும்ப ஓட்டி வந்தார். விற்க வந்தவர்கள் எல்லாருக்கும் அதே அவசரம்.

இந்த நிலையில்தான் 2024 ஜனவரியில் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகத் தொடங்கினேன்.

“இடர்னா இடறி விழறதா தாயி?”

ஆய்வேட்டுக்கு என்று வழக்கமான கேள்வித்தாள் ஒன்று உண்டு. ‘உங்கள் இடர் ஏற்புத்திறன் எவ்வளவு? மிக அதிகம், அதிகம், நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு.’ முன்னோட்டமாக நாலைந்து பேரிடம் அதை வாசித்துக் காட்டினேன். ஓர் அத்தை கேட்டார். “இடர்னா என்ன தாயி, இடறி விழறதா?”

சிரிப்பு வந்தது. யோசித்தால் அவர் சொன்னதுதான் சரியான அர்த்தம். இடறி விழுவதுதான் இடர். எந்தக் கல்லில் இடறுவோம் என்பதுதான் கேள்வி.

கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் கரிசல் பேச்சுக்கென்றே ஒரு சொல்லகராதி தொகுத்துக் கொடுத்திருக்கிறார். தனி அகராதி போடுகிற அளவுக்குச் சொல் உள்ள ஊரில், மொழிபெயர்த்த கேள்வியை ஏன் கேட்க வேண்டும்? பேராசிரியரின் அனுமதியோடு கேள்விகளை ஊர்ப் பேச்சில் திருப்பி எழுதினேன்.

‘மழை பொய்ச்சா முதல்ல எதை விப்பீங்க? எதை விக்கவே மாட்டீங்க?’ ‘இந்தப் பணம் எந்த மாசம் கைக்கு வரணும்?’ ‘ராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா எந்தப் பணத்துல கை வைப்பீங்க?’

பதில்கள் கொட்டின. வட்டி எவ்வளவு கிடைக்கும் என்று யாரும் முதலில் பேசவில்லை. எந்த மாதம் கிடைக்கும் என்றுதான் பேசினார்கள். ஆவணியில் விதை வாங்க, வைகாசியில் பள்ளிக்கூடத்துக்கு, தையில் சடங்கு, கல்யாணத்துக்கு. சீட்டு எதற்கு என்றால், “கையில இருந்தா செலவாயிரும், அடுத்தவ வீட்டுல இருந்தா வந்து சேரும்” என்றார் ஒரு மதினி. நகை எதற்கு என்று கேட்டதற்கு இன்னொருவர் சொன்னதை என் ஆய்வேட்டில் அப்படியே எழுதினேன்: “நம்மூர்ல மழை பெஞ்சா என்ன, பெய்யாட்டா என்ன? தங்கத்துக்குத் தெரியவா போகுது?”

மார்கோவிட்ஸ் சூத்திரமாக எழுதியதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

நாலு கட்டம், மூணு வருஷம்

என் ஆய்வேட்டின் முக்கியமான பக்கம் ஓர் அட்டவணைதான். மேலே மூன்று விதமான வருஷங்கள்: வறட்சி, நல்ல மழை, வெள்ளம். பக்கவாட்டில் பணம் இருக்கும் இடங்கள். எந்த வருஷத்தில் எது விழும், எது நிற்கும் என்று அவர்கள் சொன்னதை வைத்து நிரப்பினேன்.

புஞ்சை, வறட்சியிலும் விழும், வெள்ளத்திலும் விழும். தீப்பெட்டிக் கூலி வறட்சியில் நிற்கும், வெள்ளத்தில் விழும். வெயில் வந்ததும் முதலில் எழுந்திருப்பதும் அதுதான். ஆடு அவசரத்துக்கு உதவும். ஆனால் ஊரே விற்கிற நாளில் விலை போகாது. ஒரே தெருச் சீட்டு, தெரு விழுந்தால் சேர்ந்து விழும். தங்கம் மட்டும் எங்கள் ஊர் மழையைப் பற்றிக் கவலைப்படாமல் நின்றது.

அதற்காகத் தங்கத்தைத் தலையில் தூக்கி வைத்து எழுதவில்லை. 2013-ல் தங்கம் விழுந்ததையும் எழுதினேன். தபால் நிலையத் தொடர் வைப்பும் மழைக்கு வெளியே நிற்கிற பணம்தான். மாதம் 1,000 வீதம் ஐந்து வருஷம் கட்டினால் 60,000 ரூபாய். 6.7 சதவீத வட்டியில் 71,000 ரூபாய்க்குச் சற்று மேலே கிடைக்கும். 12 தவணை கட்டியதும், இருக்கிற தொகையில் பாதி வரை கடன் வாங்கலாம். இந்தக் கடன் வசதி நான் சந்தித்த பெண்களில் பலருக்குத் தெரியாது. ‘விழிப்புணர்வு’ என்ற வார்த்தையை நான் பயன்படுத்தியது இந்த ஓர் இடத்தில்தான்.

மியூச்சுவல் ஃபண்டையும் விடவில்லை. பங்குச் சந்தைக்கும் விளாத்திகுளம் மழைக்கும் சம்பந்தமில்லை. அந்த வகையில் அதுவும் நல்லதுதான். ஆனால் 2020 மார்ச்சில் விழுந்த மாதிரி ஒரு நாள் அதுவும் விழும். ஆவணியில் விதைக்கு வேண்டிய பணத்தை அதில் போட முடியாது. பல வருஷத்துக்குத் தேவைப்படாத பணம் இருந்தால் போடலாம். அந்த மாதிரிப் பணம் உள்ள வீடுகள் என் பட்டியலில் குறைவு.

பயிர்க் காப்பீடும் உண்டு. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ராபிப் பருவ உணவுப் பயிருக்கு விவசாயியின் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். ஆனால் இழப்பைப் பகுதிவாரியாகக் கணக்கிட்டுப் பணம் வந்து சேருகிற மாதமும், கடைக்காரர் பாக்கி கேட்கிற மாதமும் ஒன்றாக இருப்பதில்லை.

வீட்டுக்குள் நடந்த வாய்மொழித் தேர்வு

உரக்கடைப் பாக்கி எங்கள் வீட்டுக்கும் வந்தது. விதை, உரம், மருந்து எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய் சொச்சம். அப்பா ஒரு கணக்குப் போட்டார். ஜனவரியில் பவுன் 47,000 ரூபாயை ஒட்டி இருந்தது. ஒன்றரைப் பவுனை விற்றால் வங்கிக் கடனும் வட்டியும் போகக் கடைப் பாக்கி அடைந்துவிடும். “வட்டி கட்டிக்கிட்டே இருக்கறதுக்கு வித்துத் தொலைச்சிரலாம்” என்றார். கணக்கில் தப்பில்லை.

அம்மா பேசவில்லை. பேசாமல் இருந்தால் சம்மதம் இல்லை என்று அர்த்தம்.

நான் அட்டவணையை எடுத்துத் தரையில் விரித்தேன். “அப்பா, இந்த வருஷம் நம்ம கையில இருந்த அஞ்சுல நாலு விழுந்துருச்சு. விழாம நிக்கறது இது ஒண்ணுதான். இதையும் வித்துட்டா அடுத்த தடவை எதைப் பிடிச்சு எந்திரிப்போம்?”

அப்பா அட்டவணையை ரொம்ப நேரம் பார்த்தார். தீப்பெட்டிக் கட்டத்தில் விரலை வைத்தார். “இது எப்ப எந்திரிக்கும்?”

“வெயில் வந்தாச்சுல்ல. திங்கக்கிழமை ஆபீஸ் திறக்குறாங்க” என்றார் அம்மா.

அப்படித்தான் முடிவானது. அம்மாவின் கூலியிலிருந்து வங்கிக்கு வட்டியைக் கட்டி நகையை மறுபடி வைத்தோம். அப்பா கடைக்காரரிடம் போய்ப் பாக்கியை மூன்று தவணையாக்கிக் கேட்டு வந்தார். மாசியில் சீட்டு மறுபடி ஓடத் தொடங்கியது. ஆனியில் அம்மாவுக்கு விழுந்தது. 40,000 ரூபாயும் நேரே வங்கிக்குப் போனது. சங்கிலி வீட்டுக்கு வந்தது.

இடையில் ஏப்ரலில் பவுன் 54,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. “பாத்தியா, விக்காம இருந்தது எவ்வளவு லாபம்” என்று தம்பி குதித்தான். விலை இறங்கியிருந்தாலும் எங்கள் முடிவு சரியான முடிவுதான் என்று அவனுக்குச் சொன்னேன். அது லாபத்துக்காக எடுத்த முடிவு இல்லை.

பரிந்துரை என்ற கடைசி அத்தியாயம்

வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளர், “ஒரு பகுதியில, ஒரு தொழில் செய்யறவங்ககிட்ட மட்டும் கேட்டிருக்கீங்க. இதை எல்லா ஊருக்கும் பொதுவாச் சொல்ல முடியுமா?” என்று கேட்டார். “முடியாது சார். ஆனா கேள்வியை எல்லா ஊருக்கும் கொண்டுபோகலாம்” என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் புரட்டினார்.

ஆய்வேடு முடிந்ததும் முக்கியமானதைத் தமிழில் ஒரே பக்கமாக எழுதி, எனக்குப் பதில் சொன்ன பெண்களுக்குக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து நமக்குப் பதில் சொல்கிறவர்களுக்கு நாம் என்ன கண்டோம் என்று திருப்பிச் சொல்ல வேண்டும். ஆய்வேடு எழுதப்போகும் தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்வதும் இதுதான். கேள்வியை ஊர்ப் பேச்சில் கேளுங்கள். பதிலை ஊருக்குத் திருப்பிக் கொடுங்கள்.

அந்த ஒரு பக்கத்தில் இருந்தவை இவைதான். வீட்டுப் பணம் எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில், எது நடந்தால் இது விழும் என்று எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வந்தால், அடுத்து மிச்சம் பிடிக்கிற பணம் அந்தப் பதிலுக்கு வெளியே போகட்டும். கம்பெனிச் சீட்டு என்றால் 1982-ம் வருஷச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவானதா என்று பாருங்கள். அதில் நடத்துகிறவரின் தரகு 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வட்டியை வாரி இறைப்பதாகச் சொல்லி யாராவது வந்தால், ‘எந்த அரசு அமைப்பில் பதிவு செய்திருக்கிறீர்கள்?’ என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். முறைப்படுத்தப்படாத வைப்புகளைத் தடை செய்து 2019-லேயே சட்டம் வந்துவிட்டது.

தெருச் சீட்டைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. அதைப் பெரியம்மாவே பார்த்துக்கொண்டார். அந்தத் தாளை மகனிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அடுத்த சீட்டுக்கு ஆள் சேர்க்கும்போது சத்துணவுக் கூடத்து அக்காவையும், கோவில்பட்டியில் ஜவுளிக்கடையில் மாதச் சம்பளத்துக்குப் போகிற மூன்று பெண்களையும், மின்வாரியத்தில் வேலை செய்கிறவரின் மனைவியையும் சேர்த்தார். எல்லாரும் அவருக்கு நன்றாகத் தெரிந்தவர்கள். யாருடைய சம்பளமும் மழையைப் பார்த்து வருவதில்லை.

அம்மாவும் அந்தச் சீட்டில் இருக்கிறார். தனியாகத் தபால் நிலையத்தில் மாதம் 500 ரூபாயும் கட்டுகிறார். 12-வது தவணை எப்போது வரும் என்று நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.